உடன் வரும் உயிர்

(ஆர்.எஸ்.புரத்தில் நடைபெற்ற மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளையினர் என்னை அழைத்து, "ஐயா, இவ்வாண்டு கொல்லாமை பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். எந்த ஆண்டுதான் நாம் அதைப் பற்றிப் பேசவில்லை! வந்தவாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, ஆசிரியப் பணியின் பொருட்டுக் கோவைக்கு வந்து, நாற்பது ஆண்டுகளாக இவ்வூர்த் தண்ணீரைக் குடித்து வாழ்பவன் நான். இத்தனை ஆண்டுகளில் இம்மேடையில் கொல்லாமை குறித்துப் பேரறிஞர் பலர் பேசக் கேட்டிருக்கிறேன். அவர்களைப் போல் நூல்களை விரித்துரைக்கும் ஆற்றல் எனக்கில்லை. ஆகவே, என் கையாலேயே நிகழ்ந்த ஒரு பிழையைச் சொல்லி, அப்பிழை உங்கள் இல்லத்தில் நிகழாதிருக்க வழி சொல்லலாம் என்று துணிந்தேன். கோடை விடுமுறை நெருங்கிவிட்டது. நம்மில் பலர் வெளியூர் செல்வோம். இல்லத்தில் நாய் வளர்ப்போர், அதனையும் உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. ஆதலின் இது காலத்துக்கு ஏற்ற பேச்சு என்றும் எண்ணுகிறேன்.

எங்கள் இல்லத்தில் பொம்மி என்றொரு நாய் இருந்தது. 'பக்' என்னும் இனம். சப்பை மூக்கும், சுருங்கிய முகமும், உருண்ட கண்களும் உடையது. பேத்தியின் விருப்பத்துக்காக மகன் வாங்கி வந்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில், குடும்பத்தோடு கொச்சிக்குப் புறப்பட்டோம். பொம்மியும் வந்தது. விடியற்காலையில் கிளம்பி, வாளையாறு, பாலக்காடு, திருச்சூர் வழியாக நண்பகலுக்கு முன் மட்டாஞ்சேரி சென்று சேர்ந்தோம். அங்கே குஜராத்திச் சமணப் பெருமக்கள் 1904இல் எடுப்பித்த தர்மநாதர் கோயில் இருக்கிறது. நண்பகல் வேளையில் அங்கே புறாக்களுக்குத் தானியம் இடுவார்கள். நூற்றுக்கணக்கான புறாக்கள் சிறகடித்து இறங்கும் காட்சி கண்கொள்ளாதது. என் பேத்தியும் தன் சிறு கையால் தானியம் இட்டாள். நானும் இட்டேன். உள்ளம் குளிர்ந்தது.

அங்கிருந்து ஃபோர்ட் கொச்சிப் படகுத்துறைக்கு வந்தோம். வைப்பீன் தீவுக்குக் கடந்து, செறாய் கடற்கரைக்குச் செல்வது எங்கள் திட்டம். 2018ஆம் ஆண்டு முதல் அத்துறையில் 'ரோ-ரோ' எனப்படும் பெரும்படகுகள் ஓடுகின்றன. கார், லாரி முதலியவை நேரே படகுக்குள் ஏறி, மறுகரையில் நேரே இறங்கிச் செல்லலாம். நீரைக் கடக்கும் நேரம் சில நிமிடங்களே. ஆனால் ஏறுவதற்குக் காத்திருக்கும் வரிசை இருக்கிறதே, அது விடுமுறை நாளில் வெயிலில் நெடுந்தொலைவு நீண்டு கிடக்கும். எங்கள் வண்டியும் அவ்வரிசையில் நின்றது. அருகில்தான் சீனவலைகள். "பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டு வந்துவிடலாம்" என்று பொம்மியை வண்டிக்குள் விட்டு, கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கிவைத்து, எல்லோரும் இறங்கிச் சென்றோம். திரும்பி வர அரை மணி நேரம் ஆயிற்று.

வந்து பார்க்கையில் பொம்மி நாக்கைத் தொங்கவிட்டு வேகமாக இளைத்துக்கொண்டிருந்தது. வாயோரத்தில் எச்சில் கெட்டியாக நூல்போல் தொங்கியது. "பயணக் களைப்பு" என்றான் மகன். பேத்தி தண்ணீர்ப் புட்டியை எடுத்தாள். நான் தடுத்தேன். "இப்போது தண்ணீர் கொடுத்தால் படகில் வாந்தி எடுக்கும், அக்கரை போய்க் கொடுக்கலாம்" என்றேன். காலையிலிருந்தே, இருக்கையை நனைத்துவிடும் என்று அஞ்சி, மிகக் குறைவாகவே தண்ணீர் கொடுத்திருந்தோம். அதுவும் என் யோசனைதான்.

படகில் ஏறினோம். எங்கள் வண்டிக்கு முன்னும் பின்னும் இருபுறமும் வண்டிகள். இயந்திரத்தை நிறுத்தியதால் குளிர்சாதனமும் நின்றது. கீழே காய்ந்த இரும்புத் தளம். வைப்பீன் கரையில் இறங்கியபோது பொம்மி நிற்க இயலாமல் சாய்ந்தது. ஈறுகள் செங்கல் நிறத்தில் சிவந்திருந்தன. நாங்கள் செய்வதறியாது நின்றபோது, கரையோரம் மீன் விற்றுக்கொண்டிருந்த ஒருவர் ஓடி வந்தார். நாயை வாங்கி நிழலில் கிடத்தி, தம் வாளித் தண்ணீரை அதன் வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றி, ஓர் அட்டையால் விசிறினார். எங்கள் மொழி அவருக்கு முழுதும் விளங்கவில்லை. அவர் மொழி எங்களுக்கு விளங்கவில்லை. அவர் செய்யும் தொழிலை நம் அறம் ஏற்பதில்லை. ஆனால் அன்று அவ்விடத்தில் உயிரிரக்கம் யாரிடம் இருந்தது என்பதை நான் மறைத்துப் பேச முடியாது.

பொம்மி கண் விழித்தது. கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்றோம். ஊசி போட்டு, நீரேற்றினார்கள். மறுநாள் எழுந்து நடந்தது, பாலும் குடித்தது. பிழைத்துவிட்டது என்று மகிழ்ந்து கோவைக்குத் திரும்பினோம். மூன்றாம் நாள் சிறுநீர் நின்றது. மலத்தில் இரத்தம் போயிற்று. இங்குள்ள மருத்துவர் பார்த்துவிட்டு, வெப்பத்தால் சிறுநீரகம் முதலிய உள்ளுறுப்புகள் முன்னரே பழுதாகிவிட்டன என்றார். அன்றிரவு என் மனைவி அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கையில் அதன் மூச்சு அடங்கியது.

மறுநாள் பேத்தி கேட்டாள்: "தாத்தா, அத்தனை புறாவுக்கும் சாப்பாடு போட்டோமே, பொம்மிக்கு ஏன் தண்ணி குடுக்க விடல?"

அன்பர்களே, அவ்வினாவுக்கு இன்றளவும் என்னிடம் விடையில்லை. விடைக்கு மாறாக, அன்றுமுதல் நான் கற்றவற்றை உங்கள்முன் வைக்கிறேன்.

தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாமிகள் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்தில், பிரமாதத்தால் உயிருக்கு ஊறு செய்தலே இம்சை என்கிறார். 'பிரமாதம்' என்பதை இன்று நாம் நன்றாயிருப்பதை மெச்சச் சொல்கிறோம். நூலில் அதன் பொருள் விழிப்பின்மை, அசட்டை. கத்தியைக் கையில் எடுப்பவன் மட்டும் இம்சை செய்பவன் அல்லன். 'பத்து நிமிடந்தானே' என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவனும் செய்கிறான். நான் பொம்மியை வெறுத்தவன் அல்லன், அன்பு உள்ளவனே. ஆனால் அன்பு விழிப்போடு சேராதபோது அதனால் உயிரைக் காக்க முடிவதில்லை.

அதே நூல், இல்லறத்தார்க்குரிய கொல்லாமை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தினையும் எண்ணிக் கூறுகிறது. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகமும், அதன் வழிவந்த நம் அருங்கலச் செப்பும் இவற்றையே கூறும். சிறு வயதில் இவ்வைந்தையும் மனப்பாடம் செய்தபோது, இவை வண்டிமாடு பூட்டிய பழங்காலத்துக்கு உரியவை என்று நினைத்தேன். கார் ஓட்டும் காலத்துக்கும் வரிக்கு வரி பொருந்தும் என்பதைப் பொம்மி எனக்குக் கற்பித்தது. அவ்வைந்தின் வழியாகவே பயணத்தில் நாயைக் காக்கும் முறையைச் சொல்கிறேன். கடைசியாக எண்ணப்பட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். என் பிழை அங்கேதான்.

ஐந்தாவது, உணவும் நீரும் தடுத்தல். மருத்துவர் எனக்கு விளக்கியது இது. மனிதனுக்கு உடல் முழுதும் வியர்க்கும். நாய்க்குப் பாதங்களில் மட்டுமே சிறிது வியர்க்கும். நாக்கை நீட்டி இளைப்பதே அது உடலைத் தணித்துக்கொள்ளும் வழி. நாக்கிலும் மூச்சுப் பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது உடற்சூடு வெளியேறுகிறது. அதற்குத் தண்ணீர் வேண்டும். உலர்ந்த காற்றும் வேண்டும். இங்கே ஒரு செய்தியைக் கோவையில் வாழும் நாம் கருத வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பழகியவர்கள் நாம். கொச்சியில் வெயில் அளவு நம் ஊரைவிடக் குறைவாகவும் இருக்கலாம். ஆயினும் கடலோரக் காற்றில் ஈரப்பதம் மிகுதி. ஈரக் காற்றில் துணி உலராததுபோல் நாயின் நாவிலுள்ள ஈரமும் எளிதில் ஆவியாகாது. அது எவ்வளவு இளைத்தாலும் சூடு தணியாது. ஆதலால் 'இங்கே வெயில் குறைவுதான்' என்று வெப்பமானியைப் பார்த்து ஏமாறக் கூடாது.

நாயின் இயல்பான உடல்வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41 டிகிரியைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பழுதாகத் தொடங்கும். இடைவெளி எவ்வளவு சிறிது என்று பாருங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் சுமார் 10 டிகிரி ஏறிவிடும். கண்ணாடியைச் சிறிது இறக்கிவைப்பதால் பெரும்பயன் இல்லை. ஆதலின், வண்டிக்குள் நாயைத் தனியே விடுதல் எவ்வளவு குறுகிய நேரமாயினும் ஆகாது. வரிசையில் ஒருவர் நிற்கட்டும். மற்றொருவர் நாயோடு மர நிழலில் இருக்கட்டும்.

நம் நாட்டுச் சட்டமும் இதனை மறக்கவில்லை. 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள், நாயைப் பெட்டியிலிட்டு நெடுந்தொலைவு அனுப்புவோர், புறப்படுவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னதாக உணவும் நீரும் கொடுத்திருக்க வேண்டும் என்றும், கோடையில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை போதிய குடிநீர் தர வேண்டும் என்றும் கூறுகின்றன. இது குறைந்த அளவு. உடன் செல்லும் நாம் அரை மணிக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். வாந்தி வரும் என்று அஞ்சினால் உணவைக் குறையுங்கள், நீரை நிறுத்தாதீர்கள். கடல்நீரையோ காயல்நீரையோ குடிக்க விடாதீர்கள். உப்பு நீர் வயிற்றுப்போக்கை உண்டாக்கி, உடலின் நீரை மேலும் வற்றச்செய்யும்.

முதலாவது, கட்டுதல். படகில் நாயை அவிழ்த்து விடுவதும் தவறு. குறுகக் கட்டுவதும் தவறு. கழுத்துப் பட்டையில் கட்டிப் படகின் கம்பியோடு பிணித்தால், நாய் தவறிச் சரியும்போது தூக்குக் கயிறாகிவிடும். மார்பைச் சுற்றி அணியும் வார்ப்பட்டையே நல்லது. கயிற்றின் மறுமுனை கம்பியில் இருக்க வேண்டாம். உங்கள் கையில் இருக்கட்டும். கூண்டில் கொண்டுசெல்வதானால், அது நிற்கவும், திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் இடமிருக்க வேண்டும். நான்கு புறமும் காற்று வர வேண்டும். நம் கொங்கு நாட்டிலேயே காவிரியில் நெரிஞ்சிப்பேட்டைக்கும் பூலாம்பட்டிக்கும் இடையே விசைப்படகு ஓடுகிறது. ஆட்களும் இருசக்கர வண்டிகளும் நெருங்கி நிற்கும் அத்தகைய படகுகளில், நாயைக் கரையோர விளிம்பில் நிறுத்தாமல் நடுவில் கால்களுக்கிடையே அமர்த்துங்கள். எல்லா நாயும் நீந்தும் என்பது பொதுவான எண்ணம். குறுமூக்கும் கனத்த உடலும் உள்ளவை விரைவில் மூழ்கும். நாய்க்குரிய மிதவைச் சட்டை கடைகளில் கிடைக்கிறது. ஆனால் அதை வெயிலில் நெடுநேரம் அணிவித்தால் உடற்சூடு ஏறும். படகு ஏறும்போது அணிவித்து, இறங்கியதும் கழற்றிவிடுக.

இரண்டாவது, அடித்தல். இரும்புப் பலகையில் கால் வைக்க நாய் மறுக்கும். இயந்திர ஒலி அதற்கு அச்சம் தரும். அப்போது அதட்டி இழுப்பதும், அடிப்பதும் நம்மவர் வழக்கம். அச்சத்தாலும் போராட்டத்தாலும் அதன் உடல் மேலும் சூடாகும். தூக்கிச் செல்லுங்கள், தூக்க இயலாத பெரிய நாயானால் சற்றுப் பொறுத்து அடுத்த படகில் செல்லுங்கள். மயக்க மருந்தை நீங்களாகவே கொடுத்து உறங்கச் செய்தலும் கூடாது. சில மருந்துகள் உடல் தன் வெப்பத்தை ஆளும் திறனைக் குறைத்துவிடும்.

மூன்றாவது, உறுப்புக்கு ஊறு செய்தல். அழகு கருதிக் காதையும் வாலையும் வெட்டுவித்தல் நம் விரதத்துக்கு நேரே முரணானது. அதனை விரிக்க வேண்டியதில்லை. பயணத்தில் கருத வேண்டியது பாதங்களை. நண்பகலில் இரும்புத் தளமும் தார்ச்சாலையும் பாதத்தின் மெத்தைத் தோலைச் சுட்டுவிடும். உங்கள் புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் பொறுக்க முடியாவிட்டால் அதனாலும் முடியாது. ஈரச் சாக்கை விரித்து அதன்மேல் நிறுத்துங்கள்.

நான்காவது, மிகுபாரம் ஏற்றுதல். முதுகில் மூட்டை ஏற்றுவது மட்டும் பாரம் அன்று. உடல் தாங்காத பயணத்தை ஏற்றுவதும் பாரமே. பக், புல்டாக், ஷிட்சூ போன்ற குறுமூக்கு இனங்கள், முதிய நாய்கள், சிறு குட்டிகள், சினையுற்றவை, உடல் பருத்தவை, இதயநோய் உள்ளவை ஆகியவற்றுக்குக் கோடைப் படகுப் பயணம் வேண்டவே வேண்டா. அவற்றை நம்பத்தக்க உறவினரிடம் இல்லத்திலேயே விட்டுச் செல்லுங்கள். செல்வதேயானால் புறப்படும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள்; விடியற்காலைப் படகிலோ, மாலை சாய்ந்த பிறகோ கடந்து செல்லுங்கள். எந்தப் படகிலும் நாயை ஏற்ற அனுமதி உண்டா என்று முன்னரே கேட்டறியுங்கள்; துறைக்கு வந்தபின் தவிக்க நேராது.

இத்தனையும் கடந்து வெப்பத் தாக்கு வந்துவிட்டால் என்ன செய்வது? அடங்காத இளைப்பு, கெட்டியான எச்சில், அடர்ந்து சிவந்த ஈறு, தள்ளாட்டம், வாந்தி ஆகியவை அடையாளங்கள். உடனே நிழலுக்குக் கொண்டுசெல்லுங்கள். குளிர்ந்த தண்ணீரை உடல் முழுதும், குறிப்பாக வயிறு, தொடையிடுக்கு, பாதங்களில் ஊற்றி விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விடாதீர்கள். அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். நினைவிருந்தால் சிறிது சிறிதாகப் பருகக் கொடுங்கள். நினைவற்றிருந்தால் வாயில் ஊற்றாதீர்கள். நமக்குக் காய்ச்சலுக்குத் தரும் மாத்திரைகள் நாய்க்கு நஞ்சாகக் கூடும், கொடுக்கவே கூடாது. முதலில் தணித்து, பின்பு மருத்துவரிடம் விரையுங்கள். எழுந்து நடந்தாலும் மருத்துவரிடம் காட்டத் தவறாதீர்கள். பொம்மியும் எழுந்து நடந்தது.

இங்கே அமர்ந்துள்ள பெரியோர் சிலர் மனத்தில் ஒரு வினா எழும். அதனை நான் அறிவேன். "நாய் ஊனுண்ணும் விலங்கு. அத்தகையவற்றைச் சாவகர் வளர்த்தல் தகாது என்று முன்னோர் கூறியிருக்க, அதனைப் பயணம் அழைத்துச் செல்வது பற்றி மேடையில் பேச வேண்டுமா?" என்பது அது. முன்னோர் கருத்தை நான் மறுக்கவில்லை. வாங்குவதற்கு முன் நூறு முறை எண்ணுங்கள் என்றே இளைஞர்க்குக் கூறுவேன். விளையாட்டுப் பொருள்போல் விலைக்கு வாங்கும் வழக்கம் எனக்கு இப்போது உவப்பானதன்று. ஆனால் வளர்க்கலாமா என்பது ஒரு வினா. வளர்த்துவிட்ட உயிரை எப்படிக் காப்பது என்பது வேறொரு வினா. முதல் வினாவில் நம்முள் கருத்து வேற்றுமை இருக்கலாம். இரண்டாவதில் இருக்க இடமில்லை. ஊருக்குப் போகிறோம் என்று மூன்று நாள் தாழ்வாரத்தில் கட்டிவிட்டுச் செல்வதும் அதே அதிசாரந்தான்.

நம் முன்னோர் நாயை வெறுத்தவர் அல்லர் என்பதற்குத் திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியே சான்று. நீர்விளையாட்டு நடந்த நாளில், உணவில் வாய்வைத்த குற்றத்துக்காக ஒரு நாயை அடித்து வீழ்த்துகிறார்கள். உயிர் பிரியும் வேளையில் சீவகன் அதன் அருகிற்சென்று பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகிறான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, பின்னாளில் சீவகனுக்கு இடர் வந்தபோது வந்து காக்கிறது. உ.வே.சாமிநாதையர் 1887இல் பதிப்பித்த அக்காப்பியத்தை வகுப்பில் பல ஆண்டுகள் பாடம் சொன்னவன் நான். இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் என்னைச் சீவகன் பக்கத்திலேயே வைத்து எண்ணியிருக்கிறேன். பொம்மியின் செவியில் மந்திரம் ஓதிய இரவில்தான், கதையில் எனக்குரிய இடம் எது என்று தெரிந்தது. மந்திரம் வேண்டிய நிலைக்கு அதனைக் கொண்டுவந்து நிறுத்தியவன் நான்.

விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் நிறைவேறியதற்கு ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் எடுத்த முயற்சி காரணமாயிற்று. 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். நம் நாட்டியக் கலையைப் போற்றிய அதே அம்மையார்தான். துன்புறும் வகையில் விலங்கை ஏற்றிச் செல்வதும், போதிய உணவும் நீரும் நிழலும் தராதிருப்பதும் அச்சட்டத்தின்படி குற்றங்கள். சட்டத்துக்கு அஞ்சித்தான் நாம் இவற்றைச் செய்ய வேண்டும் என்பதில்லை. விஜயமங்கலத்துச் சந்திரப்பிரபர் கோயிலும், நன்னூல் தந்த பவணந்தியாரின் நினைவும் நிலைத்த கொங்கு மண்ணில் வாழ்கிறோம். சட்டம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே நம் வீட்டுக் குழந்தைகள் அவ்வைந்து அதிசாரங்களை மனப்பாடம் செய்தார்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இக்கோடையில் நாயோடு பயணம் செல்லும் ஒவ்வொரு குடும்பமும், குடும்பத்தின் இளைய பிள்ளையிடம் ஒரு புட்டித் தண்ணீரையும் ஒரு கிண்ணத்தையும் கொடுத்து, "இது உன் பொறுப்பு" என்று சொல்லுங்கள். அப்பிள்ளை புட்டியைத் திறக்கும்போது பெரியவர் எவரும் தடுக்காதீர்கள். என் பேத்தி அன்று புட்டியைத் திறந்தபோது தடுக்காமல் இருந்திருந்தால், இன்று வேறொரு பொருளில் பேசியிருப்பேன்.

 எல்லா உயிரும் இன்புற்று வாழ்க. ஜெய ஜினேந்திரா.